விட்டுப்போன பறவை

1

இந்தக் கதை ஒரு படத்துக்காக நான் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு வரியிலிருந்து பிறந்தது. படம் ஒரு சபையின் இணையதளத்துக்கானது. வரி இது:

"பறவை வரிசை நெய்த பார்டர் கொண்ட ஆரணிப் பட்டில் முக்காடிட்டு ஜெபிக்கும் பெண், பின்புறத் தோற்றம்."

படத்தைப் பார்ப்பவர்கள் கண்ணில் இந்த வரி படாது. கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டும். தேடுபொறியும் இதைத்தான் வாசிக்கும். நான் எழுதியவற்றுள் அதிகம் பேர் தேடி வந்தது இந்த வரியைத்தான். என் கதைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

கதைக்கு வேறு தொடக்கங்களையும் எழுதிப் பார்த்தேன்.

ஆரணியில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தறிச் சத்தம் நிற்பதில்லை, ஆனால் அன்று

(விட்டுவிட்டேன். அன்றும் எதுவும் நிற்கவில்லை.)

பரிமளாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவள்

(இதையும் விட்டேன். கடைசியாக என்று எழுதினால் நீங்கள் ஒரு சாவுக்குக் காத்திருப்பீர்கள். இதில் யாரும் சாகவில்லை. பரிமளா என்பது அவள் பெயரும் இல்லை.)

2

ஆற்றுக்குப் போகும் வழியில், அரிசி ஆலை ஒன்றின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட சிறிய சபை அது. பாஸ்டர் பெயர் ஜெயவேல், அவர் மனைவி அமலா. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. எதையும் சேர்ந்தவள் இல்லை என்பதுதான் சரி. நான் எழுதுகிறவள் என்று அமலாவுக்குத் தெரியும். இணையதளத்துக்கு நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்று கூப்பிட்டாள், போனேன்.

தளத்தைக் கட்டியவர் அருள்ராஜ். கடைவீதியில் ஒரு மாடி அறையில் பட்டுச் சேலைக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுக்கிறார். நெசவாளர்கள் பென்டிரைவில் வாங்கிப் போவார்கள். தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைப் படித்து ஜரிகையைத் தூக்கிக் கொடுக்கும்.

நான் போன அன்று வேலூரிலிருந்து ஒரு விளம்பரக் கம்பெனி ஆள் வந்திருந்தார். மக்கள் தேடுபொறியில் என்னென்ன எழுதுகிறார்கள் என்று மடிக்கணினியில் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை பாக்கியம். கணவன் குடியை நிறுத்த. சாக வேண்டும் போல் இருக்கிறது. எந்த வார்த்தைக்குப் பணம் கட்டினாலும், அதைத் தேடுகிறவர் முன்னால் முதலில் சபையின் பெயர் வந்து நிற்கும்.

பாஸ்டர் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "இது இன்னா விலை தம்பி?"

"அது சீப்புதாங்க பாஸ்டர். போட்டி கம்மி."

பாஸ்டர் மடிக்கணினியை மூடி அவர் பக்கம் தள்ளினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"வேணாம். நோவுல தேடறவன் வார்த்தைய நாம வாங்கி வெச்சிகினு குந்தியிருக்கறது நல்லா இல்ல."

"அப்ப யாரும் வர மாட்டாங்களே."

"வராட்டி போறாங்க. தேடனா கெடைக்கணும், அவ்ளோதான். தொரத்திகினு போவக் கூடாது."

இணையத்தில் ஒரு சபையை நேர்மையாக அறியச் செய்வது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், இதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அன்று மற்றதையும் பேசி முடித்தோம். பார்வையாளர்களை விலைக்கு வாங்குவதில்லை. ஜெபத்தில் சுகமானவர்கள் கதையைப் பெயரோடு போடுவதில்லை. இதை இத்தனை பேருக்கு அனுப்பு என்று யாரையும் பயமுறுத்துவதில்லை. தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் உண்மையான படமும், படத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லும் விளக்க வரியும் போதும் என்றார் அருள்ராஜ்.

கடைசியில் அமலா ஒன்று சொன்னாள். "மூஞ்சி தெரியக் கூடாதுக்கா. இங்க வர்றதுல பாதி பேரு ஊட்ல சொல்லாம வர்றவங்க."

அதனால் பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பின்னாலிருந்து படம் எடுத்தார்கள். ஜெபத்தின்போது முந்தியை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். முகம் தெரியவில்லை, கூந்தல்கூடத் தெரியவில்லை. இதைவிடப் பத்திரமான படம் இருக்க முடியாது என்று நான் நினைத்தேன்.

3

வேறு ஊரில் அது பத்திரமான படமாகவே இருந்திருக்கும்.

இந்த ஊரில் ஒரு பெண் எதிரே வந்தால் முதலில் சேலையைத்தான் பார்க்கிறார்கள், முகம் பிறகுதான். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே இது இன்ன தெருவில் இன்னார் தறியில் இறங்கியது என்று சொல்லிவிடுவார்கள். தளத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட படத்தில் இருந்தவள் பரிமளா. முந்தியைத் தலையில் போட்டபோது அவள் முகத்தை மறைத்தாள், பார்டரைத் திறந்து காட்டினாள். பாஸ்டர், அமலா, அருள்ராஜ், நான் என்று நாலு பேர் அந்தப் படத்தைப் பார்த்தோம். நாலு பேரும் இந்த ஊர்க்காரர்கள். பார்டர் அவளைக் காட்டிக் கொடுக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அருள்ராஜ் ஒரு படி மேலே போயிருந்தார்.

"ஜரிக டல்லா தெரிஞ்சிதுக்கா. கொஞ்சம் தூக்கி வுட்டேன்."

அது அவர் போட்ட டிசைன். நெய்தவர் பரிமளாவின் கணவர் சக்கரவர்த்தி. நெய்யும்போது ஓரிடத்தில் ஜக்கார்டு சிக்கி, வரிசையில் ஒரு பறவைக்கு மட்டும் ஜரிகை எழும்பவில்லை. அந்த இடத்தில் வெறும் பட்டு. முதலாளி டேமேஜ் என்று திருப்பிவிட்டார். அதனால்தான் அது வீட்டுக்கு வந்தது. விற்கிற சேலையாக இருந்திருந்தால் நெய்தவன் மனைவி கட்டியிருக்க மாட்டாள்.

படத்தில், அவளுடைய இடது காதுக்கு நேராக, அந்த ஒரு பறவை இல்லாத இடம் தெரிகிறது.*

படம் ஏறிய அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அமலா கடைவீதியில் அவளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். கணவரின் அண்ணன் ஒருமுறை எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார், அங்கே போகிறவள் இந்த வாசற்படியை மிதிக்க வேண்டாம் என்று. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அவ ஊட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. அன்னிக்கும் சொல்லல, இன்னிக்கும் சொல்லல. அதான் அவங்களுக்கு பயமா கீதாம்."

அவளுக்கு வீடும் வேண்டும், ஞாயிறு காலையில் அந்த ஒரு மணி நேரமும் வேண்டும். இரண்டில் ஒன்றைப் பறிக்க எங்கள் படம் போதும். இந்தக் கதையில் அபாயம் என்று இருப்பது இவ்வளவுதான். இதை நீங்கள் சிறியது என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

* பறவை என்று எழுதுகிறேன். அது பறவை இல்லை. எந்த உருவம் என்று எழுதினால் நான் இரண்டாம் முறையாக அவள் படத்தை ஏற்றியவள் ஆவேன். மேலே உள்ள விளக்க வரியிலும் அந்தச் சொல்லை மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன். இடது காது என்பதையும் நம்ப வேண்டாம்.

4

தளத்துக்கு யார் வருகிறார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. பெயர் தெரியாது, ஊர் தெரியும், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது தெரியும். அருள்ராஜ் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படத்த ஒருத்தரு டெய்லி தொறக்கறாங்க. ஆரணிலேந்துதான். தொறந்து வெச்சிகினு அப்டியே குந்திகினு கீறாங்க. வேற எதுவும் பாக்கறதில்ல. அது நீங்களா?"

ஆமாம் என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. சில படங்களின் முன்னால் நான் அப்படி உட்கார்ந்துவிடுவேன்.

"ஆண்டவரே. நான் பேஜாராயிட்டேன்க்கா."

அன்றோடு நான் திறப்பதை நிறுத்திவிட்டேன்.

மறுவாரம் மறுபடி கூப்பிட்டார்.

"நீங்க நிறுத்திட்டீங்கதான?"

"நிறுத்திட்டேன்."

"அது நிக்கலக்கா."

படத்தை எடுத்துவிடலாமே என்பீர்கள். நாங்களும் அதைத்தான் பேசினோம். தினமும் பார்க்கிறவர் சக்கரவர்த்தியாக இருந்து, ஒரு நாள் படம் இல்லாமல் போனால், அவர் சந்தேகத்துக்கு நாங்களே பதில் சொன்னதாகிவிடும். வைத்திருந்தால் நாளைக்கு அண்ணனும் பார்ப்பார். அதோடு, எடுப்பது என்பது இணையத்தில் பாதிதான் நடக்கும். எங்கள் பக்கத்திலிருந்து போகும், தேடுபொறியின் நினைவில் இருக்கும், யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

அந்த ஞாயிறு நான் சபைக்குப் போனேன். கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், படத்தில் பரிமளா இருந்த அந்த ஒரே ஓர் இடத்தைத் தவிர. யாரும் யாருக்கும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. தாமதமாக வந்தவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் நெருக்கத்தில் உட்கார்ந்தார்கள். தவழ்ந்து வந்த குழந்தைகூட அங்கே வந்ததும் திரும்பிக்கொண்டது. ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு பார்த்தேன். அத்தனை வாரம் யாரும் உட்காராத அந்த இடத்தில்தான் கோரைப்பாய் மற்ற இடங்களைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது.

(இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி அமலா கேட்டாள். அவளும் அதைப் பார்த்தாள்.)

6

வழி சொன்னது அருள்ராஜ்.

"ஒரே ஒரு சேலன்னாத்தான அது அவங்க. ஊரே கட்டினா?"

அந்த டிசைனைக் கேட்கிற எல்லாத் தறிக்கும் காசில்லாமல் கொடுத்துவிடுவது என்றார். வெறும் டிசைன் போதாது, நெய்தவருக்குத் தன் பிழை தெரியும். அதனால் கணினியில் உட்கார்ந்து, வரிசையில் ஒரு பறவையை அழித்தார். புது மாடல் என்று சொல்லிக் கொடுத்தார்.

பாஸ்டருக்கு மனம் ஒப்பவில்லை. "இது பொய்யில்லையா அருளு?"

"யாரண்ட பாஸ்டர் பொய் சொன்னோம்? சேலதான நெய்யறாங்க."

"ஒரு தப்ப ஊரு பூரா செய்யச் சொல்லி குடுக்கற."

"ஆமா பாஸ்டர். தப்பு ஒருத்தர் தலைல மட்டும் கெடக்க வேணாம்னுதான்."

பாஸ்டர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இப்போது எழுதும்போது, அது சம்மதம்தானா என்று தெரியவில்லை.

இலவச டிசைன், பார்க்கப் புதிது. தறிகள் அள்ளிக்கொண்டன. பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு முன்வரிசையில் அந்தச் சேலை. திரும்பினால் வாசலில் அந்தச் சேலை, வேறு நிறத்தில். படவேட்டுக் கோவிலுக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் வெயிலுக்காக ஒரு பெண் முந்தியைத் தலையில் போட்டாள். காதுக்கு நேராகக் காலி இடம். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எங்கே போனாலும் எனக்கு முதுகு காட்டி ஒரே பெண் நின்றாள். யாராவது திரும்பிப் பார்த்தால் முகம் இருக்கும் என்பது தெரிந்தும், திரும்பிவிடக் கூடாதே என்று இருந்தது.

(பாவம், அவர்களெல்லாம் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போகிற சாதாரணப் பெண்கள். இந்தக் கதைக்குள் அவர்களை யார் இழுத்தது?)

கடைக்காரர்கள் சேலையைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதைப் பார்த்தவர்கள் அதேபோல் தேடினார்கள். தேடியவர்களுக்கு முதலில் வந்து நின்றது எங்கள் சபையின் படம். என் வரி உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தது அல்லவா. தளத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் வந்தது. வேலூர் ஆள் போன் செய்து என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

சபையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்தவற்றை அமலா எனக்குப் படித்துக் காட்டினாள். "ரேட் என்ன. மயில் கழுத்து கலர் இருக்கா. அந்தக்கா கொஞ்சம் திரும்பி முந்தி காட்டுவாங்களா."

"நீ இன்னா போட்ட?"

"ஞாயிறு காலைல ஆராதன, எல்லாரும் வாங்கன்னு போட்டேன். ஒரு அம்மா, ஆடித் தள்ளுபடி உண்டான்னு கேக்கறாங்க."

ஒரு ஞாயிறு, அந்தச் சேலை கட்டிய பெண்கள் சபையிலும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் முக்காடிட்டிருந்தார்கள். எல்லார் காதருகிலும் ஒரு பறவை இல்லை. காலியாக இருந்த இடம் காலியாக இல்லை.

"வந்துட்டாளா?" என்று அமலாவைக் கேட்டேன்.

"வந்துகீறாங்கன்னுதான் நெனைக்கறேன்." அவள் குரல் தணிந்திருந்தது. "யாருன்னு எனக்கே தெரிலக்கா. பாக்கறதுக்கு எனக்கு தைரியம் இல்ல."

கதை இங்கே முடிந்திருக்கலாம். நான் முடித்தும் வைத்திருந்தேன். பிறகு சக்கரவர்த்தி அருள்ராஜின் கடைக்கு வந்தார்.

7

நான் அங்கே இல்லை. அருள்ராஜ் சொன்னதை எழுதுகிறேன். சொன்னபோது அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சக்கரவர்த்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒல்லியான ஆள். கிட்டத்துப் பார்வை போய்விட்டது. தறியில் கை பழக்கத்தில் ஓடுகிறது என்று அவரே சொல்வாராம்.

"உன் புது மாடல் நல்லா ஓடுதாமே."

"ஏதோ ஓடுதுண்ணா."

"ஒரு பறவ வுட்டுப்போச்சு எல்லாத்துலயும்."

"அது டிசைனுங்கண்ணா."

"என் தறியில ஜக்கார்டு சிக்கி வுட்டுப்போச்சு. உன் கம்ப்யூட்டர்ல இன்னாத்துல சிக்கிச்சு?"

சக்கரவர்த்தி கோபமாக இல்லை. தன் போனை எடுத்து மேசைமேல் வைத்து, தடவி, எதையோ தொட்டார். போன் பேசியது. பெண் குரல், நிறுத்தி நிறுத்தி. பறவை வரிசை நெய்த பார்டர் கொண்ட ஆரணிப் பட்டில். முக்காடிட்டு ஜெபிக்கும் பெண். பின்புறத் தோற்றம்.

மறுபடி தொட்டார். மறுபடி சொன்னது.

"எனக்கு போன்ல படம் தெரியாது. எம் பையன்தான் இத பேச வெச்சி குடுத்தான். ராவுல இத்த கேட்டுகினு இருப்பேன்." போனை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார். "இத எழுதனது யாரு?"

"எங்களுக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்கண்ணா."

"வுட்டுப்போனத சொல்லலியே அவங்க. பாக்கலியா, பாத்தும் வுட்டுட்டாங்களா?"

பிறகு வந்த வேலையைச் சொன்னார். அந்தப் பறவையைத் திரும்ப வைத்து, விட்டுப்போகாத வரிசையாக டிசைன் வேண்டும். ஒரே ஒரு சேலைக்கு.

"யாருக்குண்ணா?"

"ஊட்டுக்குத்தான். ஞாயித்துக்கெழம கட்டிகினு போவட்டும்."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. அருள்ராஜ் கேட்கவில்லை. பறவையை வைத்துக் கொடுத்துவிட்டார்.

8

சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டது. மடித்து அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரு பறவை குறைந்த சேலைகள். குறையாத சேலை அது ஒன்றுதான்.

இப்படி முடிக்கலாம்: அது அன்பளிப்பு. வாயால் சொல்ல முடியாத சம்மதத்தை ஒரு மனிதன் நெய்து கொடுத்திருக்கிறான். முந்திய சேலையில் விட்டதைச் சேர்த்து, முழுதாகப் போ என்று

அல்லது இப்படி: அது அடையாளம். ஊர் அவளை மறைத்துக்கொண்டபோது, மறைக்க முடியாத ஒரே சேலையை அவளுக்காக நெய்திருக்கிறான். அவள் அதைக் கட்டி முக்காடிட்டால் அண்ணன் கண்ணுக்கும் தப்பாது. கட்டாமல் பழையதில் போனால், கொடுத்ததை மறுத்தாள் என்று

(இரண்டையும் முடிக்க என்னால் முடியவில்லை. அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.)

வருகிற ஞாயிறு, அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. நேரலை உண்டு. விதிப்படி காமிரா பின்னால்தான் இருக்கும். அவளும் வருவாள், வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். எதைக் கட்டிக்கொண்டு என்று சொல்லவில்லை. அன்றைய படத்துக்கான விளக்க வரியை நான்தான் எழுத வேண்டும். இப்போதே எழுதி வைத்துவிட்டேன்: "முக்காடிட்டு ஜெபிக்கும் பெண்கள்." தேடுபொறிக்கு இது போதாது என்றார் அருள்ராஜ். போதாமலே இருக்கட்டும் என்றேன்.

நான்குக்கு அடுத்து ஆறு வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஐந்து எழுதப்படாமல் இல்லை. அவள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து பேசியது அது. ஏன் அங்கே போகிறாள் என்பது, அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு என்னவாக இருக்கிறது என்பது. இந்தக் கதையிலேயே நன்றாக வந்த பகுதி அதுதான். அதை வைத்தால் கதை முழுதாகும். முழுதானால் இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சக்கரவர்த்தி கேட்டதற்கு என் பதில்: பார்த்தேன். பார்த்துத்தான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஏறும். நீங்கள் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள், ஒவ்வொரு காதாக, குறையாத பார்டர் ஒன்றைத் தேடி. எது கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், இந்தக் கதையின் முடிவு அதுதான், என்னிடம் கேட்க வேண்டாம்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அருள்ராஜ் வருகையைக் காட்டும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பழைய படத்தை யாரோ திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். சக்கரவர்த்தி இப்போது கேட்பதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நானும் இல்லை.

அது நீங்களா?

நீங்களாக இருந்தால் மூடிவிடுங்கள். மூடிய பிறகும் அது திறந்தே இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.